றோட்டுத் திறந்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை

சிவமயம்

ஸ்காபரோ
22.03.1999

அன்புள்ள மகன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் தங்கச்சி நிரூபாவும் மருமகன் அருள்நாயகமும் பேத்தி அட்சயாவும் அம்மாவின் காரியங்களை ஒருமாதிரி ஒப்பேற்றி முடித்துவிட்டு, எழும்பி நடமாடுகிற அளவில் இருக்கிறோம். நீ சூரிச்சுக்கு அங்காலே அந்த மலையில் தேகசுகத்தோடு இருக்கவேண்டும் என்று நாளும் பொழுதும் முருகனைக் கும்பிடுகிறேன். போன் எடுத்தால் நீ எடுக்கிறாயில்லை. நீ சமைக்கிற ஹோட்டலுக்கு எடுத்தால் யாரோ ஒரு பிள்ளை டொச்சுப் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. ஒரு மாதமாயிற்று. அதுதான் பேனையை எடுத்தேன். இந்த வீட்டில் உனக்குக் கடிதம் எழுதுகிறது அம்மா, அடியில் ஒரு கையெழுத்தைக் கிறுக்கிவிடுகிறது நான், அது உனக்குத் தெரியும். ஆனபடியால் எழுத்துப் பிழையைப் பார்க்காதே, கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் வாசி. அம்மாவின் முகத்தைப் பார்க்க நீ வரவில்லை என்று இங்கே எல்லாரும் உன்னைக் குறை சொல்கிறார்கள், உன் கூடப்பிறந்தவளே உன்னோடு கதைக்காமல் விட்டாள், நீயும் உன்னை நீயே குற்றவாளியாக்கிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. அந்தப் பிழை உன்னுடையது இல்லை மகன். அது என்னுடையது. அதை எழுதத்தான் விடியத் தேத்தண்ணி குடித்த கையோடு குந்தினேன், இப்போது பதினொரு மணியாகிறது, இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

இங்கே ஸ்னோ கரையத் தொடங்கிவிட்டது. அப்பார்ட்மென்ற் வாசலில் மார்கழியிலிருந்து குவித்துவைத்த கும்பி கறுத்து, ஒழுகி, எலிவேற்றர் வரைக்கும் ஒரே சேறு. தை மாதம் விழுந்த ஸ்னோவுக்கு நகரசபை ஆமிப் பட்டாளத்தைக் கூப்பிட்டு உதவி எடுத்தது என்று உனக்குச் சொன்னேன்தானே, ரிவியில் ஆமி ட்ரக்கைக் கண்டதும் அம்மா ஓடிப்போய் யன்னல் சீலையை இழுத்து மூடினாள், "இவங்கள் ஸ்னோ அள்ளச் சவளோடை வந்திருக்கிற ஆமியடியப்பா" என்று நான் சிரித்தேன், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஏரிக்கரையில் இன்னும் ஐஸ் விட்டபாடில்லை, ஐயரும் நாங்களும் கரை நெடுக நடந்து, தண்ணீர் தெரிகிற ஒரு இடம் பிடித்து, அருள்நாயகம் பூட்ஸ் காலால் ஓரத்து ஐஸை மிதித்து உடைத்துத்தர அதற்குள்ளே சாம்பலைக் கரைத்தேன். காற்று அள்ளிக்கொண்டு போனது. கொள்ளிக் கடமையும் நான்தான் செய்தேன், நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். இங்கே கொள்ளி என்றால் ஒரு சுவிச்சை அமத்துகிறது. நாற்பது வருடம் என்னோடு சீவித்தவளுக்கு ஒரு சுவிச்சு.

நீ அந்த ஊருக்குப் போன முதல் வருடம் எழுதிய கடிதங்கள் எல்லாம் அம்மாவின் சூட்கேசில் ரப்பர் பாண்ட் போட்டுக் கிடக்கின்றன, நேற்று எடுத்து வாசித்தேன். மேலே இருக்கிற கணவாயை மார்கழிக்கு முன்னம் பூட்டினால் வைகாசி கடைசியில்தான் திறப்பார்கள், அதுவரைக்கும் பள்ளத்தாக்குக்கு இறங்க ஒரே ஒரு றோட்டு, அதற்கும் ஒரு படலை இருக்கிறது, மேலே ஸ்னோ சரியும் என்று கண்டால் சிவப்பு லைற்றைப் போட்டுப் படலையைப் பூட்டிவிடுவார்கள், பூட்டினால் ராசாவே வந்தாலும் விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். புது ஸ்னோ விழுந்து அடுத்த நாள் வெயில் எறித்தால்தான் ஆகப் பயம் என்றும் எழுதியிருந்தாய். அதை வாசித்த நாளிலிருந்து அம்மாவுக்கு அந்த மலை பிடிக்காது. "உலகத்திலை இவ்வளவு சமதரை கிடக்க என்ர பிள்ளையைக் கொண்டுபோய் ஏன்தான் அந்த உச்சியிலை விட்டு வைச்சிருக்கிறாங்களோ" என்று புறுபுறுப்பாள். நான்தான் உனக்காகக் கதைப்பேன். மலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, காலம் தெரிந்து நடந்தால் அது ஒன்றும் செய்யாது என்பேன். எனக்கு அந்தத் தலைக்கனம் இருந்தது மகன். யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்கு ஏறி, அங்கேயிருந்து கிழங்கு, கோவா என்று மலை மரக்கறி ஏற்றிக்கொண்டு இறங்கி, பத்தொன்பது வருடம் லொறி ஓடினவன் நான். வைகாசி ஆனியில் மழை அட்டன் பக்கம், ஐப்பசி கார்த்திகையில் பதுளை பண்டாரவளைப் பக்கம், அப்புத்தளையில் மத்தியானம் ரெண்டு மணிக்குப் பிறகு புகார் இறங்கி றோட்டை மறைக்கும், அதற்கு முன்னம் வளைவுகளைத் தாண்டிவிடவேண்டும், மேட்டிலிருந்து வடிகிற தண்ணீர் சிவந்து வந்தால் லொறியை நிற்பாட்டிச் சில்லுக்குக் கட்டை அடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனபடியால் உன்னுடைய ஸ்னோவும் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இங்கே ரிவியில் இருபத்துநாலு மணித்தியாலமும் காலநிலை போகிற சனல் ஒன்று இருக்கிறது, எனக்கு இங்கிலீசு விளங்காது, படம் விளங்கும், எப்போதாவது ஐரோப்பாவைக் காட்டினால் அம்மாவைக் கூப்பிட்டு உன் மலை இருக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாசி பதினாலு ஞாயிற்றுக்கிழமை சிவராத்திரி. நான் வேண்டாம் என்று சொல்லச்சொல்லக் கேளாமல் அம்மா விரதம் பிடித்தாள். திங்கட்கிழமை காலமை குசினியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. செவ்வாய்க்கிழமை விடிய டொக்டர் நிரூபாவைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். அவள் கொறிடோரில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "அப்பா, இருதயம் முழுக்கப் பழுதாப் போச்சாம், ரெண்டு நாள்தானாம், அண்ணாவுக்கு உடனை சொல்லுங்கோ, அவர் வெளிக்கிடட்டும்" என்றாள். சொல்கிற வேலையை என்னிடம் தந்தாள். நான் போன் கார்ட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற பொது போனில் உனக்கு எடுத்தேன். இங்கே ஒன்பது மணி, உனக்குப் பின்னேரம் மூன்று. நீ அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒரு சொல் விடாமல் எனக்குப் பாடம். "அப்பா, உள்ளதைச் சொல்லுங்கோ, இண்டைக்கு அஞ்சு மணி மட்டும் றோட்டுத் திறந்திருக்கு, நாளைக்குப் பெரிய ஸ்னோ வருதாம், பூட்டினா எப்ப திறப்பாங்களோ தெரியாது, வீசா கையிலை இருக்கு, நான் இப்ப வெளிக்கிடவோ?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் நெஞ்சு நோவு, மருந்து குடுத்திருக்கினம், கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கிறா, உந்த ஸ்னோவுக்கை அந்தரப்பட்டு ஓடாதை, எல்லாம் வெளிச்சாப் பிறகு ஆறுதலா வா" என்று சொன்னேன். பிறகு, "உண்மையாத்தானே அப்பா?" என்றாய். "ஓமடா, பின்னை உனக்குப் பொய்யே சொல்லுறன்?" என்று நான் உன்னை ஏசினேன். ஏசிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் இப்படித்தான் என்று உனக்கும் தெரியும். செத்துப்போனவரைச் "சாடையாச் சுகமில்லை" என்போம், "கொஞ்சம் கடுமை" என்போம், தூரத்தில் இருக்கிற பிள்ளை வந்து படலையைத் திறந்து பந்தலைக் கண்டுதான் விஷயத்தை அறியவேண்டும் என்று நினைப்போம். வழியில் மனம் உடைந்துவிடாமல் வந்து சேரட்டும் என்றுதான் அது. ஆனால் அது, வா என்று கூப்பிடுகிறதற்குச் சொல்கிற பொய். நான் அதை வரவேண்டாம் என்கிறதற்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்கிறதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதை நேற்று வரைக்கும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

நீ குழந்தையாய் இருக்கும்போது, அறுபத்தொன்பதாம் ஆண்டு கார்த்திகை மாதம். என்னோடு பண்டாரவளைக்கு லொறி ஓடியவர்களில் நீக்கிலாஸ் என்று ஒருவன், பாசையூர்க்காரன், நல்ல பகிடிக்காரன், நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கோப்பையில் தின்ற சினேகிதம். அவன் சாமான் இறக்கிக்கொண்டு நிற்கையில் கடைக்குத் தந்தி வந்தது, முதலாளி அதை என் கையில் தந்தார், தகப்பன் செத்துப்போனார், உடனே வரவும் என்று. எனக்கு அப்போது ஒளித்து மறைத்துக் கதைக்கத் தெரியாது, நேரே போய் "நீக்கிலாஸ், கொப்பு மோசம் போட்டாரடா" என்று தந்தியை நீட்டினேன். அவன் தந்தியை மடித்துச் சட்டைப் பைக்குள்ளே வைத்துவிட்டு லொறியில் ஏறினான். மழை கொட்டுகிறது, மூன்று மணி, அப்புத்தளைப் பக்கம் பார்த்தால் மலையே தெரியவில்லை, அவ்வளவு புகார். விடியப் போகலாம், பொறடா, நானும் வாறன் என்று லொறிக் கதவைப் பிடித்துத் தொங்கினேன். கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்த நாள் நான் இறங்கும்போது கல்துமுல்லைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் சனம் கூடி நின்றது. தேயிலைக்குள்ளே கீழே, கீழே, லொறியின் சில்லு மட்டும் தெரிந்தது. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே வீட்டில் ரெண்டு பெட்டி. அவன் பெண்சாதி என்னைக் கண்டதும் குழறவில்லை, ஏசவும் இல்லை, "ஏன் அண்ணை அந்த மலையிலை வைச்சுச் சொன்னனீங்கள்? கீழை வந்தாப் பிறகு சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாள். முப்பது வருடமாய் அந்தக் கேள்வி என் காதுக்குள்ளே கிடக்கிறது. மலையில் நிற்கிற ஒருவனுக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்று அன்றைக்கே எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். நீ போனில் "நான் இப்ப வெளிக்கிடவோ" என்று கேட்டபோது உன் குரல் எனக்குக் கேட்கவில்லை மகன், அந்த லொறி ஸ்ரார்ட் எடுத்த சத்தம்தான் கேட்டது. நீ ஐஸ் றோட்டில் யாருடைய காரையாவது வாங்கிக்கொண்டு அழுதழுது இறங்குகிறது கண்ணுக்குள்ளே வந்து நின்றது. ரெண்டு நாளில் திறந்துவிடுவார்கள், அதற்குள் ஒன்றும் நடவாது, டொக்டர்மார் எப்பவும் கூட்டித்தான் சொல்கிறவர்கள் என்று என் மனதுக்கும் ஒரு பொய்யைச் சொன்னேன்.

மேலே ஏறிப்போய் நிரூபாவுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் சொல்லிப்போட்டன், அவன் றோட்டுப் பாத்துத்தான் வருவானாம்" என்றேன். உனக்கு உள்ளதைச் சொல்லவில்லை என்று தெரிந்தால் அவள் தானே போனைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள், அதற்காகத்தான் சொன்னேன். அதிலேதான் உனக்கும் அவளுக்கும் நடுவில் நான் கல்லைப் போட்டேன். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குப் பூட்டின உங்கள் படலையைப் புதன்கிழமை விடியத் திறக்கவில்லை. அன்றைக்கே பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மா போய்விட்டாள். நான் லொறிக்காரன், மணித்தியாலம் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. நீ செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு முன்னம் இறங்கியிருந்தால், ரெயின் பிடித்துச் சூரிச்சுக்குப் போய், புதன்கிழமை பிளேன் ஏறி, நாலு மணிக்கு முன்னம் இங்கே தரையில் கால் வைத்திருப்பாய். நான் எத்தனை தரம் எண்ணினாலும் ஒரு மணித்தியாலம் மிச்சம் வருகிறது.

அம்மா போன கையோடு அருள்நாயகம் உனக்குப் போன் எடுத்து "மாமிக்குக் கொஞ்சம் கடுமை, உடனை வெளிக்கிடுங்கோ" என்று சொன்னாராம். நீ விளங்கிக்கொண்டாயாம். அடுத்த நாள் பையோடு படலைக்குப் போய் நின்றாயாம், பொலிஸ்காரன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினானாம், ஹெலிகொப்டர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வருத்தக்காரரை மட்டும்தான் ஏற்றுமாம். பியூனரல் ஹோமில் ஆறு நாள் வைத்திருந்தோம். ஒவ்வொரு நாளும் உனக்கு எடுத்துக் கேட்டோம், ஒவ்வொரு நாளும் ஸ்னோ. அதற்கு மேலே வைக்க ஏலாது என்றார்கள், அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டோம். றோட்டைத் திறந்தது வியாழக்கிழமை. நீ போனில் "எடுத்தாச்சோ?" என்று கேட்டாய், ஓம் என்றேன், "அப்ப இனி வந்து என்னத்தைப் பாக்கிறது" என்று வைத்தாய். அதுதான் உன் குரலை நான் கடைசியாய்க் கேட்டது.

அந்தியேட்டிக்கு அடுத்த நாள் வீட்டில் சனத்துக்குச் சாப்பாடு கொடுத்தோம். பந்தியில் இருந்த ஒருவர், பெயர் வேண்டாம், நம்முடைய சாதிசனம்தான், "ஒரேயொரு ஆம்பிளைப் பிள்ளை, ஹோட்டல் சீசனை விட மனமில்லாமல் நிண்டிட்டான் போலை" என்றார். எனக்குக் கொதி வந்தது. நான் வாயைத் திறக்கமுதல் நிரூபா குசினியிலிருந்து, "றோட்டுத் திறந்திருந்த நாளிலையே அப்பா அண்ணாவுக்கு எல்லாம் சொன்னவர், அவர் வரேல்லை, விடுங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் கையில் பாயாச வாளியோடு நிற்கிறேன். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், பாவம் மனுசன் என்று பார்க்கிறார்கள். அப்போதுகூட நான் வாய் திறக்கவில்லை மகன். அடுத்த ஆளுக்குப் பாயாசம் ஊற்றினேன். அறுபத்தேழு வயதில் இப்படி ஒரு கோழையாய் இருப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, நிரூபா தோய்த்த உடுப்பு மடித்துக்கொண்டிருக்கையில் போய்ப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீக்கிலாஸின் கதையையும் சொன்னேன். அவள் மடித்த உடுப்பையே திரும்ப விரித்து மடித்தாள். பிறகு, "அது வேறை மலையப்பா" என்றாள். "அண்ணா லொறியிலையே வரப்போறார்? பஸ்ஸிலையும் ரெயினிலையும் தானே வந்திருப்பார். சாரதி அண்ணாவோ?" என்றாள். எனக்கு அது ஒருநாளும் யோசனையில் வரவில்லை. உன் மலையில் நீ ஓட்டுகிறவன் இல்லை, இருந்து வருகிறவன் என்று ஒரு சின்ன விஷயம், அது இந்த மண்டைக்குள்ளே ஏறவில்லை. அவள் என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். எழும்பிப் போய் அறைக்குள்ளே கனநேரம் இருந்தாள். வெளியே வந்து அட்சயாவுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாள். "சித்திரை நாலு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவோடை நான் கதைக்கிறன், அதுக்கு முந்தி நீங்கள் எழுதுங்கோ, உங்கடை கையாலை எழுதுங்கோ" என்றாள். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

அருள்நாயகம் நல்ல மனுசன், பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் என்னோடு சும்மா இருப்பார், ரெண்டு பேரும் ரிவியைப் பார்ப்போம். அவருடைய காருக்கு வின்ரர் ரயர் போடச் சொல்லி ரெண்டு வருடமாய்ச் சொல்கிறேன், "இருக்கிற ரயர் காணும் மாமா" என்கிறார். நீயாவது நல்ல சப்பாத்துப் போட்டு நடக்கிறாயா? இந்தப் பங்குனி சித்திரை உங்கள் பக்கம் வெயில் ஏறி ஸ்னோ ஈரமாகிச் சரிகிற காலம் என்று நீயே எழுதியிருக்கிறாய். வெளிக்கிட்டால் விடிய வெள்ளென, ஸ்னோ இறுகி இருக்கும்போது இறங்கு, வெயில் ஏறமுதல் பள்ளத்தாக்கைப் பிடித்துவிடு. தனிய இருந்து குடிக்காதே. சமையல்காரன் சமைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் படுப்பான் என்று அம்மா எப்பவும் சொல்வாள், நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நிரூபாவுக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிரூபா அட்சயாவைப் பள்ளிக்கூடத்தில் எடுக்கப் போன நேரம் அம்மா கண்ணைத் திறந்து, "தம்பிக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டாள். நான் "ஓம் புனிதம், வெளிக்கிட்டிட்டான், இப்ப மலையாலை இறங்கிக்கொண்டிருப்பான்" என்றேன். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். முகம் அப்படியே மாறிப்போனது. "இந்த ஸ்னோவுக்கையோ? உங்களுக்கென்ன விசரே? திரும்பிப் போகச் சொல்லுங்கோ" என்று எழும்பப் பார்த்தாள், நேர்ஸ் ஓடிவந்து படுக்கவைத்தாள். அதற்குப் பிறகு உன்னை அந்த மலையிலேயே விட்டுவைக்க என்னால் ஏலாமல் போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உன்னை இறக்கத் தொடங்கினேன். இப்ப படலையைத் தாண்டிவிட்டான் என்றேன். இப்ப அந்தப் பெரிய வளைவு, மெல்லத்தான் ஓட்டுகிறான், செயின் போட்டிருக்கிறான் என்றேன். நீ கடிதத்தில் எழுதிய பாலம், கோயில், சுரங்கம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்த் தாண்டுவித்தேன். கண் மூடுவாள், முழிப்பாள், "எங்கை நிக்கிறான்?" என்பாள். நிரூபா பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், வந்துகொண்டிருக்கிறான் என்கிறமாதிரி அவள் கையை அமத்திக் காட்டுவேன். புதன்கிழமை நாலு மணிபோல, நிரூபா டொக்டரோடு கதைக்கப் போயிருந்தாள், அம்மா திரும்பவும் கேட்டாள், "கீழை இறங்கிட்டானோ?" என்று. "இறங்கிட்டான் புனிதம், இனி மலை இல்லை, எல்லாம் சமதரை" என்றேன். "அப்ப சரி" என்றாள். அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை. எப்ப வருவான் என்று ஒரு தரமும் கேட்கவில்லை மகன், பார்க்கவேணும் என்று கேட்கவில்லை, நீ கீழே இறங்கிவிட்டாயா என்பதைத்தான் கேட்டாள், அது தெரிந்ததும் அவளுக்குப் போதும். நீ அந்த நேரம் பூட்டின படலைக்கு மேலே, ஹோட்டல் குசினியில், அம்மாவுக்குச் சாடையான நெஞ்சு நோவு என்று நம்பிக்கொண்டு நின்றாய். உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் பொய் சொன்னேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், என்னை மன்னிக்கிறது மன்னிக்காதது உன் விருப்பம், ஆனால் அம்மாவுக்கு நான் சொன்னது பொய்யாகவே கிடக்கக்கூடாது. இறங்கி வா ராசா.

சித்திரை நாலு ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு நிரூபா போன் எடுப்பாள், எடு. அவள் அழுவாள், அழவிடு, நீயும் அழு. முருகன் உன்னைக் காப்பாற்றுவான், அம்மா உன்னோடு இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பொ. இரத்தினவேல்